புகையன்: படம் இல்லாத ஒரு பூனையும் பழனி மலைப் புல்வெளியும்

கூகுளில் "புகையான்" என்று தட்டிப் பாருங்கள். நெற்பயிரின் தூரில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சிதான் பக்கம் பக்கமாக வரும். எந்த மருந்தை எத்தனை மில்லி அடிக்கணும் என்பதோடு சேர்த்து. நம்ம பழனி, ஆயக்குடிப் பக்கம் நெல் போடுகிறவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே வயிறு கலங்கும். நான் தேடியது அது இல்லை. நான் தேடியது "புகையன்". துணைக்கால் ஒன்றுதான் வித்தியாசம். ஆனால் புகையனைத் தேடினால் தமிழில் உருப்படியாக ஒன்றும் கிடைக்காது. அதனால்தான் இந்தக் குறிப்பு.

புகையன் என்பது மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் புல்வெளிகளில் இருப்பதாகச் சொல்லப்படும் ஒரு பெரிய பூனை. சாம்பல் நிறம், உடம்பில் புள்ளி கிடையாது. பெங்களூரைச் சேர்ந்த காட்டுயிர்ப் படக்கலைஞர் சந்தேஷ் கடூர், மலை உச்சியில் படம் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் அப்படி ஒன்றைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். உள்ளூர் மக்களிடம் கேட்டபோது அவர்கள் அதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அதை அவர் ஆங்கிலத்தில் "போகெயன்" என்று படிக்கும்படி எழுதினார். மூடுபனியைப் போல வந்து, மூடுபனியைப் போலப் போய்விடுகிற பூனை என்று பொருளும் சொன்னார். 2009ல் பிபிசியில் மேற்குத் தொடர்ச்சி மலையைப் பற்றி வந்த அவருடைய ஆவணப்படத்திலும் இந்தத் தேடல் வருகிறது.

வெளிநாட்டு மர்ம விலங்கு ஆர்வலர்கள் இந்த "போகெயன்" என்ற சொல்லை ஏதோ புரியாத மந்திரம் மாதிரி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். தமிழ் காதுக்கு அதில் மர்மம் எதுவும் இல்லை. புகையை நாம் பேசும்போது "பொகை" என்றுதானே சொல்கிறோம்? பொகை நிறத்தில் இருப்பவன் பொகையன். கொம்பு வைத்தவன் கொம்பன், கூட்டத்தை விட்டுத் தனியே திரியும் யானை ஒற்றையன் என்று காட்டோரம் பெயர் வைக்கிற அதே வழக்கம்தான். இதில் ஒரு விஷயம் கவனிக்கணும். கொம்பன், ஒற்றையன் எல்லாம் தனி இனத்தின் பெயர்கள் இல்லை. யானைக்குள்ளேயே ஒரு வகை ஆளைக் குறிக்கும் பெயர்கள். அப்படிப் பார்த்தால் "புகையன்" என்ற சொல்லே, இது வேற ஜாதிப் பூனை என்று சொல்லவில்லை. "ஒரு சாம்பல் நிறத்துக்காரன் இருக்கான்" என்று மட்டும்தான் சொல்கிறது. இதைக் கடைசியில் மறுபடியும் பார்ப்போம்.

நான் பிழைப்புக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறவன். என் தொழிலில் இதே மாதிரி ஒரு பிரச்சினை தினமும் உண்டு. யாரோ ஒரு பயனர் "ஸ்கிரீன் ஒரு தடவை சாம்பலாயிடுச்சு சார்" என்பார். நாம் நூறு தடவை முயற்சி செய்தாலும் அது திரும்ப வராது. அப்போது பயனர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டினால் நாம் நல்ல பொறியாளர் இல்லை. அவர் சொன்னதை அப்படியே நம்பி மொத்த நிரலையும் மாற்றி எழுதினாலும் நல்ல பொறியாளர் இல்லை. எத்தனை தடவை சோதித்தோம், எந்தச் சூழலில் சோதித்தோம், அந்தச் சோதனையில் அது பிடிபட எவ்வளவு வாய்ப்பு இருந்தது என்று கணக்குப் போடணும். காட்டுயிர் ஆய்வாளர்களும் கிட்டத்தட்ட இதைத்தான் செய்கிறார்கள்.

முதலில் பார்க்கக் கிடைக்காத விலங்கு என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். பார்க்கக் கிடைக்காது என்பது விலங்கின் குணம் மட்டும் இல்லை. வரையாட்டை எடுத்துக்கோங்க. நம் மாநில விலங்கு. சங்கப் பாடல்களில் வருடை என்று வருவது இதுதான் என்கிறார்கள். வரை என்றால் மலைச்சரிவு, செங்குத்துப் பாறை. மூணாறு அருகே இரவிகுளம் தேசியப் பூங்காவின் ராஜமலைக்குப் போனால் வரையாடு ரோட்டோரமாக நின்று மேயும். சுற்றுலாப் பயணிகளை ஏறெடுத்தும் பார்க்காது. அதே வரையாடு, வேட்டைத் தொல்லை இருந்த மற்ற மலைகளில் அரைக் கிலோமீட்டர் தூரத்தில் ஆள் நடமாட்டம் தெரிந்தாலே பாறை விளிம்பில் இறங்கிக் காணாமல் போய்விடும். உடம்பு ஒன்றுதான். அனுபவம்தான் வேற.

இந்த வரையாட்டைப் பற்றி இன்னொரு செய்தி. 1838ல் ஆகில்பி என்பவர் இதற்கு அறிவியல் பெயர் வைத்ததிலிருந்து, இமயமலையில் இருக்கும் தாருக்கு இது ஒன்றுவிட்ட தம்பி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 2005ல் மரபணுவைப் பரிசோதித்தபோது கதையே மாறியது. இமயத் தார் வெள்ளாட்டுப் பக்கம், நம் வரையாடு செம்மறிப் பக்கம். தனிப் பேரினமாகப் பிரித்து நீலகிரிட்ராகஸ் என்று பெயர் வைத்தார்கள். நூற்று அறுபது வருஷத்துக்கு மேலாகச் சுட்டும், அளந்தும், படம் பிடித்தும் வந்த ஒரு பெரிய விலங்கைப் பற்றியே இப்படி ஒரு திருத்தம் பாக்கி இருந்திருக்கிறது. எண்ணிக்கையும் அப்படித்தான். தமிழ்நாட்டு அரசின் வரையாட்டுத் திட்டத்தில் 2024ல் எடுத்த கணக்கெடுப்பில் 1,031, அடுத்த ஆண்டில் 1,303 என்று வந்தது. ஒரே வருஷத்தில் அத்தனையும் குட்டி போட்டு வந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எத்தனை இடத்தில் தேடினார்கள், தேடியவர்களின் பழக்கம், அந்த மூன்று நாலு நாள் பனிமூட்டம் எப்படி, எல்லாம் அந்த எண்ணுக்குள் இருக்கிறது.

அடுத்தது நீலகிரி மார்ட்டன். என் பார்வையில் இந்த வட்டாரத்தின் உண்மையான மாயாவி இதுதான், புகையன் இல்லை. நம்ம ஊர்ப் பக்கம் மரநாய் என்றால் தென்னை மரத்தில் ஏறும், கூரையில் குடியிருக்கும் அந்த ராத்திரிப் பிராணியைச் சொல்வோம். மார்ட்டனையும் சில இடங்களில் மரநாய் என்றே சொல்வதால் குழப்பம் வரும். இரண்டும் வேற வேற. மார்ட்டன் கீரி மாதிரி நீண்ட உடம்பு, சுமார் இரண்டு கிலோ எடை, கரும்பழுப்பு முதுகு, கழுத்திலிருந்து மார்பு வரை பளீரென்று மஞ்சளோ ஆரஞ்சோ பூசின மாதிரி ஒரு பட்டை. பகலில்தான் திரியும். மரத்திலும் ஏறும், தரையிலும் ஓடும். அணில், பறவை, பூச்சி எல்லாம் தின்னும், தேன் கூட்டையும் விடாது. 1851ல் ஹார்ஸ்ஃபீல்டு என்பவர் விவரித்த இந்த இனம் உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும்தான் உண்டு. இவ்வளவு எடுப்பான நிறத்தோடு, அதுவும் பகலில் திரிகிற ஒரு விலங்கு, மனிதர்கள் நிறைந்த இந்த மலைகளில் எப்போதாவது சில விநாடிகள் மட்டும் யார் கண்ணிலாவது படுகிறது. அவ்வளவுதான். அப்படி அது கண்ணில் பட்டிருக்கும் இடங்களில் ஒன்று பாம்பாடும் சோலை. கொடைக்கானலிலிருந்து பேரிஜம் தாண்டி மூணாறுக்குப் போன பழைய பாதையில், எல்லைக்கு அந்தப் பக்கம். நம் மாவட்டத்தின் கொடைக்கானல் சரணாலயத்தை ஒட்டிய காடு. மார்ட்டனுக்கு மாநில எல்லை தெரியாது என்பதால் அதை நம்ம ஊர் விலங்கு என்றே நான் வைத்திருக்கிறேன்.

மார்ட்டனுக்கு நேர் எதிர், மலபார் புனுகுப்பூனை. இதற்கு அறிவியல் பெயர் உண்டு, அருங்காட்சியகத்தில் தோல் உண்டு, அழியும் விளிம்பில் இருப்பவற்றின் பட்டியலில் இடம் உண்டு. காட்டில் உயிரோடு எடுத்த நம்பகமான படம்தான் இல்லை. 1980களின் கடைசியில் மலப்புரம் பக்கம் சில தோல்கள் கிடைத்ததோடு சரி. புனுகுக்காகப் பூனைகளைக் கூண்டில் வளர்க்கிற வழக்கம் மலையாளக் கரையில் இருந்தது. அதனால், தென்கிழக்காசியாவிலிருந்து கப்பலில் வந்த வேறொரு புனுகுப்பூனைதான் இப்படித் தனி இனமாகப் பெயர் வாங்கிவிட்டதோ என்ற சந்தேகத்தையே 2010ல் ஒரு மறுஆய்வு எழுப்பியது. ஆக, பெயரும் ஆவணமும் இருக்கிற விலங்கு உண்மையில் இல்லாமலே இருக்கலாம். பெயரைத் தவிர ஒன்றுமே இல்லாத புகையன் இருக்கவும் செய்யலாம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நம் கேள்வி நிற்கிறது.

சரி, இப்ப கணக்குக்கு வருவோம்.

காட்டில் தானியங்கி கேமரா வைக்கிறோம். ஒரு விலங்கு அந்த வட்டாரத்தில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு ராத்திரியில் ஒரு கேமராவில் அது விழ வாய்ப்பு நூற்றில் ஒன்று என்றால், 100 ராத்திரி வைத்தும் அது விழாமல் தப்பிக்க சுமார் 37 சதவீத வாய்ப்பு இருக்கிறது. 300 ராத்திரி என்றால் 5 சதவீதம். 460 ராத்திரிக்குத்தான் ஒரு சதவீதத்துக்கு வரும். அதாவது அப்போதுதான் "இங்கே இல்லை" என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். அந்த வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றாகக் குறைந்தால்? 300 ராத்திரி வைத்தாலும் 74 சதவீதம் தப்பித்துவிடும். மார்ட்டன் ஏன் இத்தனை காலம் ஒளிந்து விளையாட முடிந்தது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. "கேமராவில் வரல" என்ற வாக்கியத்துக்கு, எத்தனை கேமரா, எத்தனை ராத்திரி, எங்கே வைத்தது என்ற மூன்றும் கூட இல்லாவிட்டால் அர்த்தமே கிடையாது.

இதைப் பிரமாதமாகச் செய்து காட்டியது பனிச்சிறுத்தைக் கணக்கெடுப்பு. பீட்டர் மாத்தீசன் என்ற எழுத்தாளர் 1973ல் நேபாளத்தின் டோல்போவுக்கு நடந்தே போய், கடைசி வரை பனிச்சிறுத்தையைப் பார்க்காமலே திரும்பி, அந்தப் பெயரிலேயே ஒரு புகழ்பெற்ற புத்தகம் எழுதினார். அவரைக் கூட்டிக்கொண்டு போனவர் விலங்கியலாளர் ஜார்ஜ் ஷேலர். அதே ஷேலர்தான் அதற்குச் சில வருஷம் முன்னால் இரவிகுளத்தில் வந்து உட்கார்ந்து நம் வரையாட்டைப் பற்றி ஆய்வு செய்தவர். திண்டுக்கல்காரனுக்கு இந்தத் தொடர்பில் ஒரு சின்ன சந்தோஷம். அந்தக் காலத்தில் ஷேலர் மாதிரி ஆள் மாதக்கணக்கில் அலைந்தாலும் ஒன்றிரண்டு தடவை பார்த்தால் பெரிய விஷயம். இந்தியாவில் 2019 முதல் 2023 வரை நடந்த கணக்கெடுப்பில் சுமார் 1,20,000 சதுர கிலோமீட்டரில் தடயம் தேடி 13,450 கிலோமீட்டர் நடந்தார்கள். 1,971 இடங்களில் கேமரா வைத்தார்கள். தனித்தனியாக அடையாளம் தெரிந்த பனிச்சிறுத்தைகள் 241. அதிலிருந்து மொத்த எண்ணிக்கையை 718 என்று மதிப்பிட்டார்கள். அதில் 477 லடாக்கில்.

241ஐப் பார்த்துவிட்டு 718 என்று எப்படிச் சொல்ல முடியும்? இங்கேதான் பலரும் "இது என்னங்க கண்கட்டு வித்தை" என்பார்கள். வித்தை எதுவும் இல்லை. ஆத்தூர் காமராஜர் அணையில் எத்தனை மீன் என்று தெரியணும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் 20 மீனைப் பிடித்து வாலில் நூல் கட்டி விடுகிறோம். ஒரு வாரம் கழித்து 15 மீன் பிடிக்கிறோம். அதில் 5 மீனுக்கு நூல் இருக்கிறது. பிடித்ததில் மூன்றில் ஒரு பங்கு நூல் கட்டினது என்றால், நூல் கட்டின 20ம் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்காகத்தான் இருக்கணும். ஆக மொத்தம் சுமார் 60. பனிச்சிறுத்தைக்கு நூல் கட்ட வேண்டாம். உடம்பில் இருக்கும் புள்ளி வடிவமே அதன் கைரேகை. ஒரே சிறுத்தை எத்தனை தடவை, எந்தெந்தக் கேமராவில் விழுந்தது என்று பார்த்து, விழாமல் போனவை எத்தனை இருக்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். உண்மையில் பயன்படுத்தும் முறை இதைவிடச் சிக்கலானது. தூரம், நிலப்பரப்பு எல்லாம் சேர்த்துப் பார்ப்பார்கள். அடிப்படை இதுதான்.

புகையனுக்கு இந்த முறை உதவாது. புள்ளி இல்லையே! பத்துத் தடவை படம் விழுந்தாலும் பத்துப் பூனையா, ஒரே பூனை பத்துத் தடவையா என்று பிரிக்க முடியாது. இதே தலைவலி மலேசியாவில் வந்தது. அங்கே தீபகற்பத்தின் தென்பகுதியில் சிறுத்தைகள் ஏறக்குறைய எல்லாமே கருஞ்சிறுத்தைகள். பகலில் எடுத்த படத்தில் வெறும் கருப்பு நிழல்தான் தெரியும். ஆய்வாளர்கள் ஒரு குறும்பு செய்தார்கள். கேமராவில் வெளிச்சத்தை உணரும் சென்சாரை மறைத்துவிட்டார்கள். கேமரா எப்போதும் ராத்திரி என்றே நினைத்துக்கொண்டு பகலிலும் அகச்சிவப்பு ஒளியை வீசியது. அந்த ஒளியில் கருப்புத் தோலுக்குள் ஒளிந்திருந்த புள்ளிகள் அத்தனையும் எழும்பி வந்துவிட்டன. மென்பொருளைத் தொடாமல், துண்டு டேப்பில் முடிகிற வேலை. 2015ல் இது வெளியானபோது படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். புகையனுக்கும் உள்ளே புள்ளி இருந்தால் இப்படி வெளியே வரலாம்.

அப்படியானால், நம் மலைகளில் இத்தனை கேமராக்கள் வைத்தும் புகையன் ஏன் விழவில்லை? 2018ன் அகில இந்தியப் புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்து சுமார் 3.48 கோடிப் படங்கள் எடுத்தார்கள். அதில் புலிப் படம் 76,651, சிறுத்தைப் படம் 51,777. புகையன் இல்லை என்பவர்கள் வீசும் பெரிய கல் இதுதான். கனமான கல்தான். ஆனால் அந்தக் கேமராக்கள் எங்கே இருந்தன என்று பார்க்கணும். புலி நடக்கும் காட்டுப் பாதைகளில், முழங்கால் உயரத்தில், பாதைக்கு இரண்டு பக்கமும் ஜோடியாக. உச்சிப் புல்வெளியில் கேமராவைக் கட்ட மரமே கிடையாது. காற்றில் புல் ஆடினாலே கேமரா சுட ஆரம்பித்து, ஆயிரக்கணக்கில் புல் படமாக எடுத்துத் தள்ளி பேட்டரி தீர்ந்துபோகும். இந்தக் கேமராக்கள் சூடு மாறுவதை வைத்துத்தான் விலங்கை உணர்கின்றன. வெயிலில் காய்ந்த பாறைக்கு முன்னால் நடக்கும் விலங்கைப் பல நேரம் தவறவிடும். ராத்திரி மூடுபனியில் கேமராவின் ஒளி பனித்துளிகளில் பட்டுத் திரும்பி, படம் முழுக்க வெள்ளையாகிவிடும். ஆக, புகையன் வாழ்வதாகச் சொல்லும் இடமும் நேரமும்தான் இந்தக் கருவிக்கு ரொம்பப் பலவீனமான இடமும் நேரமும். "சோதனை பாஸ்" என்று அறிக்கை வந்தால், அந்தக் குறிப்பிட்ட சூழல் சோதனையில் இருந்ததா என்று கேட்பேன் இல்லையா, அந்த மாதிரி.

இப்போது என் கணிப்பைச் சொல்கிறேன். புகையன் ஒரு புதிய இனம் என்பதை நான் நம்பவில்லை. காரணம் கேமரா இல்லை, குடும்பம். ஒற்றை விலங்காக எந்த இனமும் தலைமுறை தலைமுறையாக இருக்க முடியாது. குறைந்தது சில டஜன் வேணும். சில டஜன் பெரிய பூனைகள் இருந்தால் ஒன்று ரோட்டில் அடிபடும், ஒன்று கண்ணியில் மாட்டும், ஒன்று ஆட்டுப் பட்டிக்குள் புகுந்து ஊரைக் கூட்டும். வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் நூறு வருஷம் இந்த மலைகளில் கண்ணில் பட்டதையெல்லாம் சுட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். அவர்கள் சுவர்களில் சாம்பல் பூனை இல்லை.

ஆனால் நிறம் மாறிய சிறுத்தைக்குக் குடும்பம் வேண்டாம். சிறுத்தையில் கருப்பு நிறம் ஒரு ஒடுங்கு மரபணுவால் வருகிறது. அப்பாவிடமிருந்து ஒரு பிரதி, அம்மாவிடமிருந்து ஒரு பிரதி, இரண்டும் சேர்ந்தால்தான் குட்டி கருப்பு. ஒற்றைப் பிரதி மட்டும் இருந்தால் வெளியே சாதாரணப் புள்ளிச் சிறுத்தைதான். உலகம் முழுக்கச் சேர்த்தால் சுமார் 11 சதவீதச் சிறுத்தைகள் கருப்பு. கருப்பைத் தவிர வேற நிறக் கோளாறுகளும் உண்டு. ராஜஸ்தானின் ரணக்பூர் மலைப்பக்கம் 2021ல் வெளிர் செந்நிறச் சிறுத்தை ஒன்று கண்ணில் பட்டது. சாம்பல் நிறத்துக்கும் இப்படி ஒரு ஒடுங்கு மரபணு இருப்பதாக வைத்து ஒரு விளையாட்டுக் கணக்குப் போடலாம். அந்தப் பிரதி நூற்றில் ஒன்று என்றால், இரண்டும் ஒரே குட்டியில் சேர வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. 2022 கணக்கெடுப்பின்படி இந்தியாவின் சிறுத்தைகள் 13,874. ஆக நாடு முழுக்க ஒன்று, மிஞ்சினால் இரண்டு. ஒருவர் ஒரு தடவை பார்த்தார், பிறகு யாரும் படம் எடுக்கவில்லை என்ற கதைக்கு இந்த எண் கச்சிதமாகப் பொருந்துகிறது. "நிரூபணம் ஆச்சு" என்று யாரும் வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள். பொருந்துகிறது, அவ்வளவுதான்.

தனித்துவிடப்பட்ட கூட்டத்தில் அபூர்வ நிறம் திடீரென்று பெருகவும் செய்யும். ஒடிசாவின் சிமிலிபாலில் புலிகளுக்கு வரிகள் அகலமாகி ஒன்றோடொன்று சேர்ந்து, பாதிக் கருப்பாகவே தெரியும். அங்கே சுமார் 37 சதவீதப் புலிகள் அப்படி. காரணம் ஒரே ஒரு மரபணு மாற்றம் என்று 2021ல் பெங்களூர் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். வெளியிலிருந்து புலி வராமல், உள்ளேயே இனம் பெருகியதால் அந்த அபூர்வம் சாதாரணமாகிவிட்டது. மேற்குமலைச் சிறுத்தை அப்படி அடைபட்டது இல்லை. தேயிலைத் தோட்டம், ஊர், காடு என்று தாராளமாகப் போய்வரும். அதனால் இங்கே அந்த நிறம் பெருகாமல், எப்போதாவது ஒன்று தலைகாட்டிவிட்டுப் போகும் என்றுதான் எதிர்பார்க்கணும்.

இன்னொரு வாய்ப்பையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. ஆசியப் பொன்னிறப் பூனை என்று ஒன்று உண்டு. அருணாசலப் பிரதேசத்தின் திபாங் பள்ளத்தாக்கில் மட்டும் அதில் ஆறு நிற வகைகளை 2019ல் பதிவு செய்தார்கள். அதில் ஒன்று புள்ளியில்லாத சாம்பல். சிக்கல் என்னவென்றால் அது வடகிழக்கு மலைகளின் விலங்கு, இங்கிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஆனால் மார்ட்டனுக்கும் நெருங்கிய சொந்தக்காரர்கள் இமயத்தில்தானே இருக்கிறார்கள்? இடையில் இருக்கும் சமவெளியில் மார்ட்டன் இல்லை. இப்படி இமயத்திலும் மேற்குமலையிலும் மட்டும் சொந்தக்காரர்கள் இருப்பதைப் பார்த்து, ஒரு காலத்தில் சாத்பூரா மலைத்தொடர் வழியாக விலங்குகள் நடந்து வந்திருக்கலாம் என்று சுந்தர் லால் ஹோரா என்ற மீனியல் அறிஞர் 1940களில் வாதிட்டார். அந்த வழியில் ஒரு பூனையும் வந்து மீந்திருக்கலாம் என்று கற்பனை செய்யலாம்தான். எனக்கு இது அழகான கற்பனை என்பதற்கு மேலே போகவில்லை. முன்னே சொன்ன குடும்பக் கணக்கு இதற்கும் தடை.

இன்னும் எளிய விளக்கமும் இருக்கிறது, மூடுபனி. கொடைக்கானலில் பனிமூட்டத்தில் எதிரே வரும் வண்டியின் நிறத்தைச் சொல்லிப் பாருங்கள், எல்லாமே சாம்பல்தான். பனித்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் முதலில் காணாமல் போவது நுணுக்கமான வடிவங்கள், அதாவது புள்ளிகள். உருவம் கடைசியில்தான் மறையும். ஈரத்தில் ஊறிய ரோமமும் புள்ளியை மங்கவைக்கும். ஆனால் கடூர் ஆயுள் முழுக்க விலங்குகளைப் பார்த்தே பழகிய கண் உள்ளவர். அவரிடம் போய் "பனியில் சிறுத்தையைப் பார்த்திருப்பீங்க சார்" என்று சொல்ல நான் தயாரில்லை. பனியோடு பழகி வாழ்கிற மலைமக்கள் தனியாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதும் சும்மா தள்ளக்கூடியது இல்லை. அதே சமயம், அவர்கள் வைத்த பெயர் கொம்பன் மாதிரியான பெயர் என்பதை ஆரம்பத்தில் பார்த்தோம். நிறம் மாறின சிறுத்தைக்கு அது சரியான பெயர்தான்.

இதையெல்லாம் வாழ்நாள் முழுக்க விவாதிக்கலாம், காடு அப்படியே இருந்தால். அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. பழனி மலையின் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018ல் ஒரு ஆய்வு வந்தது. 1973லிருந்து 2014க்குள் உச்சிப் புல்வெளியில் 66 சதவீதம் போய்விட்டது. சோலைக்காட்டில் 31 சதவீதம். போன இடத்தில் என்ன இருக்கிறது? வாட்டில், பைன், யூகலிப்டஸ், காய்கறித் தோட்டம். சுற்றுலா வருகிறவர்கள் பைன் காட்டில் நின்று இயற்கை என்று போட்டோ எடுக்கிறார்கள். மெக்சிகோ, ஆஸ்திரேலியா பக்கமிருந்து வந்த மரங்களின் தோட்டம் அது. புல்வெளி "சும்மா கிடக்கிற தரிசு" என்று அன்றைக்கு நினைத்தார்கள். வரையாட்டுக்கும் அதைத் தின்னும் சிறுத்தைக்கும் அதுதான் வீடு. மரம் நட்டால் வரையாட்டுக்கு மேய்ச்சல் மட்டும் போவதில்லை, தூரத்திலேயே ஆபத்தைப் பார்த்துக்கொள்கிற வசதியும் போகிறது.

இது சமவெளியில் இருக்கிற நமக்கும் சம்பந்தமில்லாத சேதி இல்லை. மருதாநதி, மஞ்சளாறு, வரதமாநதி, பரப்பலாறு எல்லாம் அந்த மலையிலிருந்துதான் இறங்குகின்றன. திண்டுக்கல் டவுனுக்குக் குடிநீர் தரும் ஆத்தூர் அணையும் அந்த மலையடிவாரம்தான். புல்வெளி இருந்த இடத்தில் யூகலிப்டஸ் வைத்தால் ஓடைக்கு வரும் தண்ணீர் குறையும் என்பதை நீலகிரியின் கிளென்மார்கனில் வருஷக்கணக்காக அளந்தே காட்டியிருக்கிறார்கள்.

அந்நிய மரங்களை வெட்டணும் என்று நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது, அரசும் 2022ல் அதற்கென்று கொள்கை வெளியிட்டிருக்கிறது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவதும் சரியில்லை. சில பழைய வாட்டில் தோப்புகளின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தானாக முளைத்து வருகின்றன. அங்கே வாட்டிலை வெட்டினால் கன்றும் போகும், வெளிச்சம் பட்டதும் வாட்டில் விதை ஆயிரக்கணக்கில் முளைக்கும். இன்னும் புல்வெளியாக மிஞ்சியிருக்கும் இடத்தின் விளிம்பில் நுழைகிற இளஞ்செடிகளைப் பிடுங்குவதுதான் முதல் வேலையாக இருக்கணும் என்பது நான் படித்த வரையில் எனக்குப் படுவது.

கடைசியாக ஒரு உபயோகமான விஷயம். மேல்மலைப் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் இதைப் படித்தால், சாம்பல் பூனை எதையாவது பார்த்தால் நிறத்தை விடுங்கள், நிறம் பனியில் ஏமாற்றும். வால் எவ்வளவு நீளம் என்று பாருங்கள். சிறுத்தைக்கு உடம்பில் பாதிக்கு மேல் வால் இருக்கும். காட்டுப் பூனைக்கு வால் குட்டை, பின்னங்கால் முட்டியைத் தாண்டித் தொங்கினால் அதிகம். காதின் பின்பக்கம் வெள்ளைத் திட்டு இருக்கிறதா, பக்கத்தில் உயரத்தை ஒப்பிட ஒரு கல்லோ புதரோ இருக்கிறதா, நேரம் என்ன, பனி எவ்வளவு தூரம் வரை மறைத்தது என்று அப்போதே போனில் பேசிப் பதிவு செய்துகொள்ளுங்கள். அது போன பிறகு அதே கல்லைப் படம் எடுங்கள். எச்சம் கிடந்தால் கையில் எடுக்காதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு வனத்துறையிடம் சொல்லுங்கள். எச்சத்தின் மேலே ஒட்டியிருக்கும் குடல் செல்களே போதும், அது எந்த இனம் என்று ஆய்வகத்தில் சொல்லிவிடுவார்கள். அதற்குப் படமே தேவையில்லை.